பெயர் போட்டுச் சொல்லுங்கள்

தென்காசி,
20-11-1961

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு, ரெபேக்காள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் மகள் ஜெபமலரும் நல்ல சுகம். எல்லோரும் சுகத்தைக் கேட்டு எழுதுவார்கள். நான் உங்கள் கண்ணைக் கேட்டு எழுத வேண்டியதாகிவிட்டது.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. அதையும் நீங்கள் வாசிக்கப் போவதில்லை, ஆஸ்பத்திரியில் யாரோ வாசித்துக் காட்டப் போகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிற டீச்சர், இங்கே ஒவ்வொரு வரியையும் மென்று விழுங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசிக்கிறவர் ஐயாவோ அம்மாவோ, அவருக்கும் என் வணக்கம். கண் தெரியாத ஒரு மனுஷனுக்காக நேரம் ஒதுக்குகிறீர்கள், நன்றாயிருப்பீர்கள்.

உங்களை ரயிலேற்றி அனுப்பிய நாளிலிருந்து மழை விடவில்லை. குற்றாலத்தில் வெள்ளம் பாலத்தைத் தொட்டுக்கொண்டு போகிறதாம், யாரையும் குளிக்க விடவில்லை. நம் வீட்டில் அடுப்படிக்கு மேலே ஓடு விலகி ஒழுகுகிறது. ஏறிச் சரிசெய்ய ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். ஜெபமலர் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அப்பாவுக்குக் கண் தெரிந்துவிட்டதா என்று கேட்கிறாள். மின்னல் வெட்டினால் கண் போகும் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டதிலிருந்து இடி இடித்தால் பாயைத் தலையோடு போர்த்திக்கொள்கிறாள்.

கோயிலில் உங்களைப் பற்றித்தான் பேச்சு. குருவானவர் ஐயா, தமஸ்கு போகிற வழியில் வானத்து வெளிச்சம் பட்டுச் சவுலுக்குக் கண் போனதையும் பிறகு அவர் பவுலாக எழுந்ததையும் எடுத்து, நம் சபையிலும் ஒருவரைக் கர்த்தர் வெளிச்சத்தால் தொட்டிருக்கிறார், அவர் சாட்சியோடு திரும்பி வருவார் என்று பிரசங்கம் பண்ணினார். அடுத்த வாரமும் அதையே தொட்டுப் பேசினார். பெண்டுகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி பின்னால் சொன்னது காதில் விழுந்தது.

அந்தப் பிரசங்கத்தை அவர் எங்கே நின்று செய்தார் தெரியுமா? நீங்கள் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த புதுப் பிரசங்க பீடத்தில். இடது பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. வலது பக்கம் வெறும் மரம். திருநெல்வேலியிலிருந்து வேறு ஆள் கூப்பிட்டு முடிக்கலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள். அவர் வந்துதான் முடிப்பார் என்று சொல்லிவிட்டேன். தை மாதம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை, அசனச் சாப்பாடு. அதற்குள் நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

பாலிஷ் வேலைக்கென்று கோயில் பணத்தில் வாங்கிய அந்த ஸ்பிரிட் டின்னை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பாதிதான் இருக்கிறது. பீடத்துக்குப் பாதி போயிருக்காது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்த இன்னொரு மனுஷன் இப்போது இல்லை.

மரமறுக்கிற மாடக்கண்ணுவின் கருமாதி முடிந்தது. நீங்கள் கண் தெரியாமல் படுத்திருந்த அதே இரவுதான் அவரும் வாந்தியெடுத்துத் துடித்து விடிவதற்குள் போனார். உங்களுக்கு அப்போது சொன்னது நினைவிருக்கிறதோ என்னவோ. கீழப்பாவூரில் அவர் சாவைப் பற்றி என்னென்னவோ பேசுகிறார்கள். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மின்னலில் கண் போனவர்கள் அபூர்வம் என்பதால்தான் பட்டணத்து மருத்துவக் கல்லூரி டாக்டர் உங்களைத் தன் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டுக் கட்டிலும் சோறும் கொடுத்திருக்கிறார். அன்று மின்னல் வெட்டியது உண்மை. ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு தென்னை கருகிப்போனதை ஊரே பார்த்தது. ஊர்க் கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அன்று மதியமே கண்ணில் பால் படிந்த மாதிரி இருக்கிறது, சூடு ஏறிவிட்டது, எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் இறங்கிவிடும் என்று சொல்லித்தானே நீங்கள் குற்றாலத்துக்கு வண்டி ஏறினீர்கள்? மின்னல் வெட்டியது அதற்குப் பிறகு. டாக்டர் கேட்டால் இந்த முன்பின்னைச் சொல்லுங்கள். அவ்வளவுதான் இந்தக் கடிதத்தில் எழுத முடியும்.

கர்த்தர் உங்கள் தலைமாட்டில் இருப்பாராக.

அன்புள்ள மனைவி,
ரெபேக்காள்


தென்காசி,
12-12-1961

பிரியமுள்ள அத்தானுக்கு ரெபேக்காள் எழுதுவது. நீங்கள் சொல்லச் சொல்ல ஜைனப் என்கிற தங்கச்சி எழுதிய கடிதம் கிடைத்தது. முத்து முத்தான எழுத்து. அந்தப் பிள்ளைக்குத் தாய் ஊர் கடையநல்லூர்தான் என்று தெரிந்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. நம் பக்கத்துப் பிள்ளை, பட்டணத்தில் கல்லூரியில் படித்து ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் சும்மாவா. என் மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் அவளைப் பற்றிச் சொன்னேன்.

கண்ணில் சொட்டு விட்டுப் பாவையை விரித்து, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கண்ணுக்குப் பின்னால் ஒரு திரை இருக்கிறது, பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது, அங்கிருந்து மூளைக்குப் போகிற நரம்பு வெளுத்துப்போயிருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னதையும் வாசித்தேன். நேரே பார்த்தால் ஒன்றுமில்லை, ஓரத்தில் மட்டும் ஜன்னல் வெளிச்சம் தெரிகிறது என்கிறீர்கள். அந்த ஓரத்தைக் கர்த்தர் விட்டுவைக்கட்டும் என்று ஜெபிக்கிறேன். ஆனால் இது மின்னல் பட்ட கண் மாதிரி இல்லையே என்று டாக்டர் இரண்டு தடவை முனகினார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்தவருக்குத் தெரியாமல் போகுமா?

ஜைனப் தங்கச்சி உங்கள் கடிதத்தோடு எனக்கென்று ஒரு கேள்வித்தாளும் வைத்திருந்தாள். மதுவிலக்கு இருக்கிற ஊரில் ஜனங்கள் எதைக் குடிக்கிறார்கள், ஏன் குடிக்கிறார்கள், வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று அவள் படிப்பில் ஆராய்ச்சியாம். போலீசுக்குப் போகாது, யாருக்கும் போகாது என்று உறுதி சொல்லியிருக்கிறாள். ஏன் குடிக்கிறார்கள் என்பதற்கு நான் எழுதிய பதில் இதுதான்: பாலிஷ் வேலைக்காரனுக்கு நாள் முழுக்க ஸ்பிரிட் வாடையில் மூச்சு. முதலில் மூக்கு பழகும், பிறகு தலைவலிக்கென்று வாய் பழகும். அவர் குடித்துவிட்டு என்னை அடித்ததில்லை, வைததில்லை. ஏலக்காயை மென்றுகொண்டு வந்து, ஞானப்பாட்டு பாடிக்கொண்டே படுத்துவிடுவார். குடிக்காத நாளில் அந்தப் பாட்டு வராது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்தத் தாளில் போடவில்லை. ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

தங்கச்சி, இனி வருவதைக் கொஞ்சம் மெதுவாக, அவர் காதருகில் மட்டும் வாசி அம்மா. பக்கத்துக் கட்டில்களுக்குக் கேட்க வேண்டாம்.

அத்தான், போன வாரம் மாடக்கண்ணுவின் மனைவி வள்ளித்தாய் நம் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. ஆள் பாதியாகிவிட்டாள். மழையில் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். ஏன் அங்கிருந்து வருகிறாய் என்றேன். கீழப்பாவூரில் புருஷன் வீட்டார் அவளை வைத்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி மாடக்கண்ணு கடைசியாகச் சாப்பிட்டது அவள் வைத்த கருவாட்டுக் குழம்பு. அதில் என்னத்தையோ கலந்து கொன்றுவிட்டாள் என்று பேச்சு. அதற்கு முந்தின நாள் குடியைப் பற்றிச் சண்டை போட்டு, இப்படியே குடிச்சுச் சாவும் என்று தெருவில் நின்று கத்தியிருக்கிறாள். எந்தப் பெண்டாட்டி சொல்லாத வார்த்தை அது? நான் உங்களைச் சொல்லவில்லையா? ஊர்கூடி அவளைத் தாய் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டையும் மாடக்கண்ணுவின் தம்பி சங்கிலிப்பாண்டி வைத்துக்கொண்டான். சின்னது இன்னும் பால்குடி மறக்கவில்லை. அவள் மாராப்பு நனைந்திருந்தது, மழையினால் இல்லை.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. யக்கா, எங்க வீட்டுக்காரரும் ஒங்க வீட்டு அண்ணாச்சியும் அன்னைக்கு முந்தின நாளு ஒண்ணாத்தான இருந்தாவ, அவுஹ என்னத்தயும் குடிச்சாவளான்னு அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கக்கா, எம் பிள்ளையல வாங்கித் தந்துருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ அதையே நானும் சொன்னேன். அண்ணாச்சிக்கு மின்னல் வெட்டிக் கண் போய்விட்டது தாயி என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

எனக்கு எல்லாம் தெரியும் அத்தான். வழக்கமான கடையில் ஸ்பிரிட் கிடைக்காமல், புனலூர்ப் பக்கமிருந்து வந்த லாரிக்காரனிடம் கோயில் பணத்தில் மலிவாக அந்த டின்னை வாங்கினீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் வேலை முடிந்ததும் நீங்களும் பீடத்துக்கு மரம் அறுத்துக் கொடுத்த மாடக்கண்ணுவும் கொட்டகையில் உட்கார்ந்து குடித்தீர்கள். எத்தனையோ வருஷமாக அதே மாதிரிக் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் இதுவும் அதே சரக்குதான் என்று நினைத்துவிட்டீர்கள். மறுநாள் மதியம் வரை இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தீர்கள். அதனால்தான் குடிக்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு உயிர் போனது, உங்களுக்குக் கண் போனது. வள்ளித்தாயின் குழம்பை நீங்கள் சாப்பிடவில்லையே, உங்களுக்கு ஏன் ஆனது? ஊரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கேட்க விடாமல் நடுவில் மின்னல் நிற்கிறது.

பெரிய டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். கட்டில் போய்விடும் என்று பயப்படாதீர்கள். போனால் வீட்டில் பாய் இருக்கிறது. நம்மூர் டாக்டரிடம் அந்த டின்னை ஒப்படைக்கிறேன், பட்டணத்துக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்கட்டும்.

உங்களுக்குத் திராணியைக் கொடுக்கும்படி ஜெபிக்கிற,
ரெபேக்காள்


தென்காசி,
29-1-1962

அத்தானுக்கு ரெபேக்காள் எழுதுவது.

தங்கச்சி ஜைனப், இந்தக் கடிதத்தை மெதுவாக வாசிக்க வேண்டாம். வார்டுக்கே கேட்கட்டும். முடிந்தால் பெரிய டாக்டர் சுற்றி வருகிற நேரத்தில் வாசி.

உங்கள் பதில் வந்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் டாக்டரிடமும் ஜைனப்பிடமும் சொல்லிவிட்டேன், மனசு லேசாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். டாக்டர் உங்களை விரட்டவில்லை. டின்னில் இருந்தது குடித்தால் ஆளைக் கொல்லுகிற விஷ ஸ்பிரிட் என்றும், அது உடம்புக்குள் போனபின் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டுப் பிறகுதான் கண்ணையும் உயிரையும் பிடிக்கும் என்றும், நீங்கள் எப்போது எவ்வளவு குடித்தீர்கள் என்று சொன்னது அவர் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி, அடுத்து வருகிறவனையாவது உடனே காப்பாற்றப் பார்ப்பேன் என்றும் சொன்னாராமே. போன கண் வராது என்றும் சொல்லிவிட்டார். அதை எழுதும்போது ஜைனப்பின் எழுத்து கோணியிருந்தது. நான் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நிறைய நேரம் அழுதேன். கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவள் பார்த்திருக்க வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் நீங்கள். என்னை நாற்பத்திரண்டாம் நம்பர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள், ஆராய்ச்சிப் புத்தகத்தில் பேர் வராது, ஊர் வராது, அதனால் நீ பயப்படாதே, ஊரில் மின்னல் மின்னலாகவே இருக்கட்டும் என்று கடைசியில் எழுதச் சொன்னீர்களே, அதை வாசித்ததும் எனக்கு வந்த கோபத்தில் வீட்டில் இருந்த பாத்திரமெல்லாம் சத்தம் போட்டது.

நாற்பத்திரண்டாம் நம்பர் குடித்ததற்கும் மாடக்கண்ணு செத்ததற்கும் கீழப்பாவூரில் யார் முடிச்சுப் போடுவார்கள்? நம்பருக்குக் கூட்டாளி கிடையாது. கூட்டாளிக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், அவளுக்கு வள்ளித்தாய் என்று பேர் இருக்கிறது, அந்தப் பேரைச் சொல்லித்தான் கொலைகாரி என்கிறார்கள். ஜைனப்பைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பேரைக் காப்பாற்றுவது அவளுக்குச் சட்டம். உங்களை நம்பவைத்து வாய் திறக்க வைத்ததும் அந்தச் சட்டம்தான். ஆனால் அந்தக் கதவை உள்பக்கத்திலிருந்து திறக்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. அது உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

இப்போது இங்கே நடந்ததைச் சொல்லுகிறேன்.

சனிக்கிழமை பண்டிகை. கோயில் முழுக்க ஜனம். மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சுற்றுவட்டாரமெல்லாம் வந்திருந்தது. வெளியே கொட்டகையில் அசனத்துக்குப் பெரிய பெரிய கொப்பரையில் சோறு வெந்துகொண்டிருந்தது, கறி வாசனை ஆராதனைக்குள்ளே வந்தது. குருவானவர் ஐயா பிரசங்கம் முடித்து, சகோதரர் வேதமாணிக்கம் வர முடியாததால் அவருடைய மனைவி அவர் சாட்சியைச் சொல்வார் என்று என்னைக் கூப்பிட்டார். பீடத்தில் பெண்கள் ஏறுவதில்லை. படிக்குக் கீழே, பாலிஷ் போடாத பக்கத்தில் நின்றேன். கை வைத்துக்கொள்ள அந்த வெறும் மரம்தான் இருந்தது.

நான் சொன்னது அதிகமில்லை. என் புருஷனுக்குக் கண் போனது மின்னலினால் இல்லை. இந்தப் பீடத்துக்கென்று சபையார் பணத்தில் வாங்கிய ஸ்பிரிட்டைக் குடித்துப் போனது. அவரோடு குடித்த மாடக்கண்ணு அதனாலேயே செத்துப்போனார். வள்ளித்தாய் குற்றமில்லாதவள். இதை மறைக்க இவ்வளவு பெரிய வேதவசனத்தை நாங்கள் போர்த்திக்கொண்டோம், எங்களை மன்னியுங்கள். இவ்வளவுதான் அத்தான். பள்ளிக்கூடத்தில் கத்துகிற தொண்டைதான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கிறது.

ஒரு குழந்தை மட்டும் அழுதது. குருவானவர் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பாவம், அந்த மனுஷன் மனசார நம்பினார். சேகரத்துச் சபைகளுக்கெல்லாம் போய் உங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார். வேதப்புத்தகத்தை மூடி, அதன் மேல் கையை வைத்தார். பிறகு, சாட்சி என்று கேட்டோம், கிடைத்தது என்று மட்டும் சொல்லி ஆசீர்வாதம் கூறி முடித்துவிட்டார். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் என்னை நிறுத்தி, கோயில் சாமானைக் குடித்தவனுக்கு இனி இந்தச் சபையில் என்ன வேலை, பீடத்தை அவன் கை தொடக்கூடாது என்றார்கள். போலீசுக்குத் தெரிந்தால் சபைக்கே அவமானம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் சரி ஐயா என்றேன்.

அசனப் பந்தியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் அல்லவா, வள்ளித்தாயையும் வரச் சொல்லியிருந்தேன். வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றாள். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். எங்களுக்கு இரண்டு பக்கமும் பந்தி காலியாகக் கிடந்தது. நாலு இலை தள்ளித்தான் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். பரிமாற வந்த பையன்கள் தயங்கினார்கள். அப்போது குருவானவர் ஐயாவே சோற்று வாளியை வாங்கி வந்து எங்கள் இலையில் போட்டார். என்னிடம் பேசவில்லை. வள்ளித்தாயிடம், சாப்பிடு தாயி என்றார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பிள்ளையல் தின்னுருக்குமோ என்னவோ என்றாள்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு கீழப்பாவூர் போனேன். சங்கிலிப்பாண்டியைக் கெட்டவன் என்று நினைக்காதீர்கள். அண்ணன் மேல் உயிராக இருந்தவன். மாடக்கண்ணு மாதிரியே நெற்றி உள்ள அந்தச் சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். டீச்சர், பொம்பள பேச்ச வச்சு எங்கண்ணன் சாவ எழுதிர முடியுமா, நீங்க இவளுக்குப் பரிதாபப்பட்டுச் சொல்லுதியன்னு ஊருல சொல்லுதாவ, கூட இருந்து குடிச்ச ஆளு ஒங்க வீட்டுக்காரருதான, அவருக்குக் கண்ணு போச்சுன்னா வாயுமா போச்சு, அவரு பேரு போட்டு, எங்கண்ணன் பேரும் போட்டு, கையெழுத்து வச்சு எழுதிக் குடுக்கட்டும், டாக்டரும் ஆமான்னு சொல்லட்டும், அன்னைக்கே பிள்ளையலக் கொண்டுவந்து இவ கையில குடுத்துருதேன் என்றான். சொல்லும்போது அழுதான். அவனுக்கும் அண்ணன் எப்படிப் போனான் என்று தெரிய வேண்டும். அந்தச் சின்னது வள்ளித்தாயைப் பார்த்ததும் அவன் தோளிலிருந்து நழுவி இறங்கப் பார்த்தது. அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வருகிற வழியில் அவள் வயல் வெளியில் ஒரு இடத்தில் நின்று, திரும்பி அந்த ஊரைப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

இனி மறைக்க உங்களுக்கு ஒன்றுமில்லை. மின்னலை நான் அணைத்துவிட்டேன். அதற்காக என்மேல் கோபப்படுங்கள், எழுந்து வந்து வீட்டில் வைத்துச் சண்டை போடுங்கள், நான் தயார். ஆனால் நான் சொன்னது பாதிதான். மற்றப் பாதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெரிய டாக்டரிடம் நாற்பத்திரண்டாம் நம்பர் என்றில்லாமல் வேதமாணிக்கம் என்று தனித் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். புத்தகத்துக்கு நம்பர் போதும், அது அப்படியே இருக்கட்டும். கீழப்பாவூருக்குப் பேர் வேண்டும். உங்கள் பேர், மாடக்கண்ணு பேர், அன்று குடித்தது என்ன, எங்கே, எப்போது. கேஸ் வந்தால் வரட்டும். கண்ணைக் கொடுத்தவருக்கு நாலு மாசச் சிறை பெரிதா என்று எழுத வந்தேன், எழுதிவிட்டு எனக்கே பயமாக இருக்கிறது. ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை.

கை ரேகை வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள். மரத்தை ஒரு தடவு தடவியே எங்கே வழவழப்பு குறைகிறது என்று சொல்லுகிற விரல் அது. ஜைனப் தங்கச்சி பேனாவைப் பிடிக்க வைத்து, காகிதத்தில் இடத்தை மட்டும் காட்டினால் போதும். கோணல்மாணலாக இருந்தாலும் உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். கீழப்பாவூரில் நான் சத்தியம் செய்து சொல்லுவேன்.

ஜெபமலரிடமும் சொல்லிவிட்டேன். அப்பா தப்பாக ஒன்றைக் குடித்துவிட்டார், அதனால்தான் என்றேன். அப்படின்னா மின்னல் ஒண்ணும் செய்யாதா என்று கேட்டாள். ஒன்றும் செய்யாது என்றேன். நேற்று ராத்திரி மழையோடு இடி இடித்தது, பாயைப் போர்த்திக்கொள்ளாமல் தூங்கினாள்.

பீடத்தை உங்கள் கை தொடக்கூடாது என்று கமிட்டி சொன்னதை எழுதினேன். குருவானவர் ஐயா அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறு ஆளையும் கூப்பிடவில்லை. அது பாதியில் அப்படியே நிற்கிறது.

அந்தக் காகிதத்தை முன்னாலேயே தபாலில் அனுப்பிவிடுங்கள், பிறகு நீங்கள் எப்போது கிளம்பினாலும் ஜைனப்பை ஒரு தந்தி கொடுக்கச் சொல்லுங்கள். சபையார் ஸ்டேஷனுக்கு வரமாட்டார்கள். நானும் மகளும் நிற்போம், வள்ளித்தாயும் நிற்பேன் என்றாள். அத்தான், ரயில் நின்றதும் உங்களுக்கு ஓரத்தில் மிச்சமிருக்கிற அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில் எங்களைப் பாருங்கள். அப்போது அவள் இடுப்பில் பிள்ளை இருக்க வேண்டும்.

கர்த்தர் உங்கள் கையைப் பிடித்து எழுத வைப்பாராக.

என்றும் உங்கள்,
வேதமாணிக்கம் மனைவி
ரெபேக்காள்